ஈரச் சட்டையும் இரண்டு இடைவேளையும்

பிரசவ விடுமுறை முடிந்து தேயிலை மலைக்குத் திரும்பும் தாய்க்கு, வடியும் பாலை உறிஞ்சும் மார்புப் பேட் எந்தளவுக்குக் கைகொடுக்கும்? எதைக் கடையில் வாங்கலாம், எதை வீட்டிலேயே தைக்கலாம், எந்தப் பிரச்சினைக்குப் பேட் மட்டும் போதாது?

வெலிமடைப் பாதையும் பண்டாரவளைப் பாதையும் கூடுகிற இடம் ஹாலிஎல. சந்தியிலிருந்து சற்று ஏறினால் தேயிலை மலைகள் தொடங்கிவிடும். பிள்ளை பெற்று இரண்டரை மாதத்தில் மறுபடி கூடை தூக்கும் பெண்களுக்கு, அந்த மலைகளில் காலை பத்து மணி ஒரு சோதனை நேரம். வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடுமுன் பிள்ளைக்குக் கொடுத்த பால்தான் கடைசி. அதற்குப் பிறகு மார்பு கனக்கத் தொடங்கும். எங்கோ ஒரு லயத்தில் எவருடைய பிள்ளையோ அழுதாலும் போதும், சட்டையின் முன்பக்கம் நனைந்துவிடும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கும்போது எதிரே நிற்பவர் கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரும்பாலும் ஆண்கள். படங்கை நெஞ்சுவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி நிறுவையை முடித்துக்கொண்டு போவதே வழக்கமாகிவிட்டது.

இது நோயில்லை, வெட்கப்படவேண்டிய காரியமும் இல்லை. ஆனாலும் கிளினிக்கில் இதைக் கேட்கத் தயங்குகிறோம். நம் அம்மாவிடம் கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான், தானா நின்னுரும்" என்ற பதில். நிற்கும்வரை என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுகிறது இந்தக் கட்டுரை.

பால் ஏன் தானாக வடிகிறது?

பிரசவமான இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பெரும்பாலான தாய்மாருக்குச் சீம்பால் மாறி, பால் நிறையச் சுரக்கத் தொடங்கும். பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஒக்சிற்றோசினை வெளியிடுகிறது. அது மார்புக்குள் பால் நிரம்பிய சிறு பைகளைச் சுற்றியுள்ள தசைகளை நெருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. இது இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மறுபக்கம் சொட்டும். பிள்ளையின் அழுகுரல், பிள்ளையின் நினைப்பு, வழமையாகப் பால் கொடுக்கும் நேரம் ஆகியவையும் ஒக்சிற்றோசினைத் தூண்டிவிடும்.

பிள்ளைக்கு எவ்வளவு பால் வேண்டும் என்பது முதல் வாரங்களில் உடம்புக்குத் தெரியாது. அதனால் தாராளமாகச் சுரக்கும். ஆறு முதல் பத்து வாரங்களில் சுரப்பும் தேவையும் ஓரளவு சமமாகும், வடிதலும் குறையும். தோட்டத்துத் தாய்க்குச் சிக்கல் இங்கேதான். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தருவது 12 வாரம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் போனால் பிறகு மிஞ்சுவது பத்து வாரம். உடம்பு ஒரு ஒழுங்குக்கு வரும் அதே நேரத்தில் அவள் வேலைக்குத் திரும்புகிறாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுத்த பாலுக்கு நாலைந்து மணித்தியால இடைவெளி விழுகிறது. நின்றுபோன வடிதல் மறுபடியும் தொடங்குகிறது. இப்போது வடிவது அளவுக்கு மீறிச் சுரந்ததால் அல்ல. பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய ஒரு வேளைப் பால் தவறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில தாய்மாருக்குப் பால் வடிவதே இல்லை. அவர்களுக்குப் பால் குறைவு என்று அர்த்தமில்லை. பிள்ளையின் நிறை கூடுகிறதா, போதியளவு சிறுநீர் கழிக்கிறதா என்பதுதான் கணக்கு. நனைந்த சட்டை கணக்கில் சேராது.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

பதுளை, பண்டாரவளை நகரப் பாமசிகளிலும் குழந்தைப் பொருள் கடைகளிலும் பேட் கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துத் தருவது ஒரு தடவை பாவித்து எறியும் வகை. மாதவிடாய் நப்கினைப் போல, மேலே மெல்லிய துணி, நடுவில் ஈரத்தை உறிஞ்சிப் பிடிக்கும் பஞ்சும் துகளும், அடியில் ஒட்டும் பட்டி. மெல்லியது, சட்டைக்கு வெளியே தெரியாது. வைத்தியசாலையில் இருக்கும் நாட்களுக்கும், கிளினிக்குக்கு பஸ்ஸில் போய்வரும் நாளுக்கும் வசதி. ஆனால் முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு நாலைந்து சோடி தேவைப்படலாம். ஒரு பெட்டி எத்தனை நாளைக்கு வரும், அதன் விலை எத்தனை நாள் பேருக்கு (நாள் சம்பளத்துக்கு) சமம் என்று கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடியில் தடித்த பிளாஸ்டிக் தாள் உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. அது ஈரத்தையும் சூட்டையும் தோலோடு சேர்த்து அடைத்துவைக்கும்.

இரண்டாவது, துவைத்துப் பாவிக்கும் துணிப் பேட். பருத்தி, ஃபிளனல், மூங்கில் நாரிலிருந்து செய்த துணி எனப் பல வகை. சிலவற்றில் நீர் புகாத மெல்லிய பின்பட்டை இருக்கும். விலை ஆரம்பத்தில் கூடுதலாகத் தெரிந்தாலும், அடுத்த பிள்ளைக்கும் பாவிக்கலாம். மலையில் நிற்கும் நேரத்துக்கும் பஸ் பயணத்துக்கும் பின்பட்டை உள்ளது, வீட்டுக்கும் இரவுக்கும் வெறும் பருத்தி என்று இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, சிலிக்கன் பேட். இது ஈரத்தை உறிஞ்சாது. முலைக்காம்பை மெதுவாக அழுத்திப் பால் வராமல் தடுக்கும். கலியாண வீடு போன்ற சில மணித்தியாலத் தேவைக்குப் பரவாயில்லை. சுரப்பு நிலைபெறாத முதல் வாரங்களில் இது வேண்டாம். நாள் முழுதும் போட்டிருந்தால் பால் தேங்கி, கட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் கிண்ணம் போன்று பிராவுக்குள் வைக்கும் வகையும் உண்டு. வடியும் பாலைச் சேகரிக்கும். ஆனால் உடம்புச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்த அந்தப் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது.

பழைய நூல் சேலை போதும்

நமது அலுமாரிகளில் ஒரு நல்ல பேட்டுக்கான துணி ஏற்கெனவே இருக்கிறது. பல தடவை துவைத்து மென்மையான நூல் சேலை, சீத்தைத் துணி, பிள்ளைக்கு வாங்கிய பருத்தித் துண்டு, பழைய பருத்தி பனியன் எல்லாம் ஈரத்தை நன்றாக இழுக்கும். நைலோன், பொலியெஸ்டர் சேலை வேண்டாம். அவை ஈரத்தை இழுக்காமல் உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

பத்து முதல் பன்னிரண்டு சென்ரிமீற்றர் அகலமான வட்டங்களாக வெட்டுங்கள். நாலு முதல் ஆறு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். தோலில் படும் பக்கம் தையல் முடிச்சோ மடிப்போ வரக்கூடாது. அது புண்ணான காம்பில் உராயும். பேட் தட்டையாக இல்லாமல் மார்பின் வடிவத்துக்கு உட்காரவேண்டுமானால், வட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு வெட்டு வெட்டி, இரு முனைகளையும் சற்று மேலேற்றித் தைத்தால் சிறு குழிவு கிடைக்கும். முதல் தடவை பாவிக்குமுன் சவர்க்காரம் போட்டு இரண்டு மூன்று தரம் அலசிக் காயவையுங்கள். புதுத் துணியின் கஞ்சி போனால்தான் அது ஈரத்தை இழுக்கும்.

எத்தனை தேவை? வெயில் காலத்தில் ஏழெட்டுச் சோடி போதும். மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு இருந்தால் கவலையில்லை. ஊவாவில் இந்த வித்தியாசம் பெரியது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அதே வரட்சிக் காற்றில், கொடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஒக்டோபர் பிறந்து தை மாதம்வரை கதை வேறு. மூடுபனியும் மழையுமாக இருக்கும் நாட்களில் இஸ்தோப்புக் கொடியில் துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. அரை ஈரத்தோடு பேட்டை எடுத்து வைப்பதுதான் பல பிரச்சினைகளுக்கு ஆரம்பம். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகையும் கரியும் படியும். நன்றாகப் பிழிந்து, துவாயில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் போட்டுவிட்டு, கடைசியில் அயன் பண்ணிக் காயவைப்பதே நல்ல வழி. நீர் புகாத பின்பட்டை உள்ள பேட்டை மட்டும் அயன் பண்ணாதீர்கள், உருகிவிடும். வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவதும் வேண்டாம். வெயிலும் காற்றும் படவேண்டிய துணி அது.

பாவிக்கும் முறை

பேட்டைக் கையாளுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொழுந்துச் சாயமும் உரமும் மருந்தும் பட்ட கை என்றால் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

நனைந்தவுடன் மாற்றுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்" என்று ஈரப் பேட்டை விட்டுவைத்தால் காம்பின் தோல் ஊறி வெளுத்து, வெடிக்கும். வெடித்த தோல் வழியாகக் கிருமி போகும். ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பின்னும் மாற்றுவது வழக்கமானால் நல்லது. வீட்டில் இருக்கும்போது சிறிது நேரம் பேட் இல்லாமல் காற்றுப்பட விடுங்கள்.

பேட் காம்போடு ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். ஆறவைத்த இளஞ்சூட்டு நீரைச் சில சொட்டு விட்டு, ஊறியபின் மெதுவாக எடுங்கள்.

பிரா இறுக்கமாக இருக்கக்கூடாது. அதற்குள் தடித்த பேட்டைத் திணித்தால் மார்பின் ஒரு பக்கம் அழுத்தப்பட்டு அங்கே பால் தேங்கும். கூடைக் கயிறு தலையிலிருந்து இழுக்க, படங்கு இடுப்பை இறுக்க, உள்ளே பிராவும் இறுக்கினால் மார்பு எப்படித் தாங்கும்? பாலூட்டும் காலத்துக்கு ஒரு அளவு பெரிய பருத்திப் பிராவோ, தளர்வான உள்சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகும்போது போட்டிருக்கும் சோடியைத் தவிர இன்னும் இரண்டு சோடி கொண்டுபோங்கள். சுத்தமான பையில் காய்ந்தவை, இன்னொரு பையில் நனைந்தவை, இரண்டையும் கலக்கவேண்டாம். பூப்போட்ட, கடும் நிறச் சட்டையில் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. ஆட்கள் நடுவே திடீரென்று பால் இறங்குவது தெரிந்தால், கைகளைக் கட்டிக்கொண்டு உள்ளங்கையால் காம்பை நெஞ்சோடு சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினால் நின்றுவிடும். அவசரத்துக்கு மட்டும் இதைச் செய்யலாம். அடிக்கடி அழுத்தினால் பால் கட்டும்.

துவைக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிப் பாலைப் போக்கி, பிறகு சவர்க்காரம் போட்டு, சவர்க்கார வாடை போகும்வரை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

எறியும் பேட்டைக் கானிலோ தேயிலைக்கு இடையிலோ வீசாதீர்கள், கக்கூஸில் போடாதீர்கள். அதிலுள்ள பிளாஸ்டிக்கும் துகளும் உக்காது. கானை அடைத்து, மழைத் தண்ணீரை லயத்துக்குள் திருப்பிவிடும். கடதாசியில் சுற்றிக் குப்பை சேகரிப்புக்குக் கொடுங்கள்.

பாட்டிமார் சொல்லும் வைத்தியம்

பால் அதிகம் வடிந்தால் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்வார்கள். இரண்டாவது வெறும் நம்பிக்கையல்ல. 1988இல் வெளியான ஓர் ஆய்வு மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்டின் மருந்தையும் ஒப்பிட்டு, இரண்டுமே பால் சுரப்பைக் குறைப்பதாகக் காட்டியது. பால் கொடுக்கும் தாய் மல்லிகையைத் தவிர்க்கவேண்டிய காரணமும் அதுவே. வடிதலை நிறுத்தப்போய்ச் சுரப்பையே நிறுத்திக்கொள்ளக்கூடாது. இறுக்கிக் கட்டுவதில் பால்கட்டும் வீக்கமும்தான் மிச்சம்.

பேட்டைப் பார்த்தே தெரியும் அபாயங்கள்

பேட்டில் மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் போன்ற கறை, இரத்தக் கறை, கெட்ட வாடை, பால் கொடுக்காத காலத்திலும் ஒரே மார்பிலிருந்து வரும் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காட்டவேண்டும். பிரசவமான முதல் சில நாட்களில் இரத்தம் கலந்த பால் வருவது பெரும்பாலும் தானாகச் சரியாகும். இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

காம்பு பளபளவென்று சிவந்து, பால் கொடுத்த பின்னும் ஊசி குத்துவதுபோல் வலி, பிள்ளையின் வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும். அதுவரை துணிப் பேட்டுகளைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து நன்றாகக் காயவையுங்கள்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, கல்லுப்போல இறுகி, காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அது மார்பழற்சி. பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம். அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதியில்லை. குளிர்ந்த துணி ஒற்றடம் வீக்கத்தைத் தணிக்கும். அழுத்தித் தேய்ப்பது கூடாது. ஒரு நாளில் தணியாவிட்டாலோ காய்ச்சல் கூடினாலோ தோட்ட வைத்தியரிடமோ பதுளை வைத்தியசாலைக்கோ போகவேண்டும். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மார்பைக் காட்டிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவர் வருவதே இதற்குத்தான்.

முகாமில் இருக்கும் தாய்

பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன நாளை இந்த மலைகள் மறக்காது. அப்படியான வேளைகளில் பாடசாலை மண்டபத்தில் பலரோடு தங்கும் பாலூட்டும் தாய்க்கு மாற்றுத் துணியும் இருக்காது, மறைவும் இருக்காது. மழைக்காலத்தில் ஆவணங்களோடு எடுத்து வைக்கும் அவசரப் பையில் நாலு சோடி துணிப் பேட்டும் ஒரு பெரிய சால்வையும் இருக்கட்டும். நிவாரணம் கொண்டுபோகிறவர்கள் பால்மாப் பெட்டிகளை அள்ளிக் கொடுப்பதற்குப் பதிலாக, பருத்தித் துணி, பேட், திரைச்சீலை ஆகியவற்றைக் கொடுத்தால் தாய்ப்பால் நிற்காது.

பேட்டால் தீராத பிரச்சினை

பேட் சட்டையைக் காப்பாற்றும். பாலைக் காப்பாற்றாது. மார்பில் பால் தேங்கிக்கொண்டே இருந்தால், இது தேவையில்லை போலும் என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சில வாரங்களில் "பால் பத்தல" என்ற பேச்சு வரும். பிறகு பால்மா வரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது நமது சுகாதார அமைச்சின் அறிவுரை. 2016ஆம் ஆண்டின் தேசிய கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். உலகமே பாராட்டிய கணக்கு அது. அந்தப் பெருமை தோட்டத்திலும் நிலைக்கவேண்டுமானால் பத்தாவது வாரத்துக்குப் பிறகு நடப்பதைக் கவனிக்கவேண்டும்.

சட்டம் ஏற்கெனவே இதற்கு வழி வைத்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பிள்ளைமடுவமோ (பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம்) பொருத்தமான வேறு இடமோ இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. அப்படி இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமாக இதைக் கொடுக்கவேண்டும். 2018இல் வந்த திருத்தம் இன்னொரு அநீதியையும் நீக்கியது: மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறையைப் பாதியாக வெட்டிய வழக்கம் போய், எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் என்றானது.

சட்டப் புத்தகத்தில் உள்ள அந்த அரை மணித்தியாலம் மலையில் ஏன் கிடைப்பதில்லை? கிலோதான் காரணம். பல தோட்டங்களில் பதினெட்டு, இருபது கிலோ எடுத்தால்தான் முழுப் பேர். உச்சி மலையிலிருந்து பிள்ளைமடுவத்துக்கு இறங்கி ஏறவே அரை மணித்தியாலம் போகும். போய் வந்தால் கொழுந்து குறையும், குறைந்தால் அரைப்பேர். ஆகவே இடைவேளையை யாரும் மறுக்கவேண்டியதில்லை. தாயே கேட்காமல் விட்டுவிடுகிறாள்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஏதும் இல்லை. பாலூட்டும் தாய்மாருக்குப் பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்து மலையில் வேலை பிரிக்கலாம். இரண்டு இடைவேளைக்கான நேரத்தை அவர்களுடைய கிலோக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். பிள்ளைமடுவத்தில் பால் கொடுக்கவும் பேட் மாற்றவும் ஒரு திரை, ஒரு கதிரை, கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் வைக்கலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண் கங்காணி இருந்தாலே பாதி வெட்கம் குறையும்.

பிள்ளைமடுவம் தூரமென்றால், காலையில் கையால் பீய்ச்சி எடுத்த பாலைக் கொதிநீரில் சுத்தம் செய்த, மூடியுள்ள எவர்சில்வர் கோப்பையில் வைத்துவிட்டுப் போகலாம். அறை வெப்பத்தில் நாலு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். போத்தலைவிடச் சிறு கோப்பையால் புகட்டுவது பாதுகாப்பு. பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கும் மடுவத்து அக்காவுக்கும் அதைப் பழக்கிவிடுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பாலூட்டும் இடைவேளையைக் கிலோக் கணக்கிலிருந்து கழிக்கும் கோரிக்கையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கணவன்மாருக்கு: மழைநாளில் அந்தத் துணிப் பேட்டுகளைத் துவைத்து அயன் பண்ணிவைப்பது உங்கள் வேலையாகவும் இருக்கட்டும். தாய்மாருக்கு: நூல் சேலையை வெட்டிப் பேட் தைத்துக்கொள்ளுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். ஆனால் பேட் இருக்கிறதே என்று பத்து மணிப் பாலை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு இடைவேளைகளும் எவரும் தரும் சலுகையல்ல, சட்டம் தந்த உரிமை. கேட்டு வாங்குங்கள்.